மறுபடியும் ‘லா போஎம்’: வட்டார ஓபரா குழுக்களின் சீசன் எப்படி உருவாகிறது?

தலைநகரங்களுக்கு வெளியே, நடுத்தர ஊர்களில் இயங்கும் ஒரு ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) குழு அடுத்த சீசனை அறிவிக்கப்போகிறது என்றால், பட்டியல் வெளிவரும் முன்பே பாதியைச் சொல்லிவிடலாம். புச்சினியின் ‘லா போஎம்’ இருக்கும். இல்லையென்றால் ‘மேடம் பட்டர்ஃபிளை’. வெர்டியின் ‘லா த்ராவியாட்டா’வோ ‘ரிகோலெட்டோ’வோ இருக்கும். பிசேயின் ‘கார்மென்’ சில வருடங்களுக்கு ஒருமுறை தவறாமல் வந்துவிடும். சிரிக்கவும் ஒன்று வேண்டுமே என்று ரோஸினியின் ‘பார்பர் ஆஃப் செவில்’ அல்லது மோட்சார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’. உலகத்தில் அதிகம் மேடையேறும் ஓபராக்கள் எவை என்று கணக்குப் பார்த்தாலும் பல வருடங்களாக முன்னால் நிற்பவை இதே பெயர்கள்தான்.

“இவர்களுக்கு வேறு எதுவுமே தெரியாதா?” என்று சலித்துக்கொள்வது சுலபம். அந்தச் சலிப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம். ஆனால் ஒரு சீசன் எப்படித் திட்டமிடப்படுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், இந்தப் பெயர்கள் வெறும் பயத்தால் வருபவை இல்லை என்று தெரியும். கையில் இருக்கும் பணம், மேடைக்கு முன்னால் இருக்கும் இசைக்குழுக் குழியின் அகலம், கிடைக்கும் குரல்கள், ஊரில் பாட வருபவர்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பட்டியலை எழுதுகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஓபராவைப் போடுவது பாதுகாப்பான வேலை என்று நினைக்கிறோம். என் பார்வையில் ஒரு சிறிய குழுவுக்கு அதைவிடக் கடினமான தேர்வு கிடையாது.

பணத்திலிருந்தே தொடங்கலாம். ஒரே ஒரு இரவுக் காட்சிக்கு முக்கியப் பாடகர்கள் ஆறேழு பேர், முப்பது நாற்பது பேர் சேர்ந்து பாடும் கோரஸ், அதைவிடப் பெரிய இசைக்குழு தேவைப்படும். இவர்களுக்குப் பின்னால் செட், விளக்கு, தையல், விக், ஒப்பனை என்று கண்ணில் படாத ஒரு கூட்டம். நாடகம் என்றால் நாலு நடிகர்களையும் ஒரு மேசையையும் வைத்து ஒரு மாதம் தொடர்ந்து ஓட்டலாம். ஓபராவில் அது நடக்காது. மைக் இல்லாமல் ஒரு மாலை முழுக்கப் பாடிய சோப்ரானோவை (உச்சக் குரல் பாடகியை) மறுநாளும் பாடச் சொல்ல முடியாது, தொண்டைக்கு ஓய்வு வேண்டும். வட்டாரக் குழுக்களின் காட்சிகள் வெள்ளி, ஞாயிறு என்று இடைவெளி விட்டு நடப்பதற்குக் காரணம் அதுதான். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மூன்று நான்கு காட்சிகளில் முடிந்துவிடும்.

அரங்கம் நிரம்பி வழிந்தாலும் டிக்கெட் பணம் செலவை ஈடுகட்டாது. ஜெர்மனியில் நகர நாடக அரங்குகளை அரசுப் பணம் தாங்குகிறது. அமெரிக்காவில் நன்கொடையாளர்கள் தாங்குகிறார்கள். பிரிட்டன் இரண்டுக்கும் நடுவில். இதில் ஒரு கால் ஆடினாலும் என்ன ஆகும் என்பதை 2022 நவம்பரில் பார்த்தோம். கலைகளுக்கு அரசுப் பணம் வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து தன் நிதியைப் பங்கிட்ட விதத்தை மாற்றியதும், கார்டிஃபில் இருந்து இயங்கும் வெல்ஷ் நேஷனல் ஓபரா அதனிடம் அதுவரை வாங்கிவந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. லிவர்பூலுக்குப் போய்க் காட்சி நடத்துவதை நிறுத்தியது. இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழா 2023இல் தன் சுற்றுப்பயணத்தையே கைவிட்டது. பயணக் குழுக்களை நம்பியிருந்த ஊர்களில் ஓபரா பார்க்கும் வாய்ப்பே சுருங்கிப்போனது.

இந்தச் சிக்கல் யாருடைய நிர்வாகக் குறையும் இல்லை. வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966லேயே இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்ததும் குறைந்த ஆட்கள் அதிகப் பொருள் செய்கிறார்கள், கூலியும் ஏறுகிறது. ஆனால் 1786இல் வியன்னாவில் முதலில் மேடையேறிய மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஓபராவுக்கு அன்றைக்கு எத்தனை வயலின்காரர்கள், எத்தனை மணி நேரம் தேவைப்பட்டதோ, இன்றைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. மற்றத் துறைகளோடு சேர்ந்து இவர்கள் கூலியும் ஏறியாக வேண்டும். வேலையின் வேகத்தைக் கூட்ட வழியில்லை. ஆக, ஒன்றுமே மாறாவிட்டாலும் செலவு ஏறிக்கொண்டே போகும்.

இந்த நிலையில் பழைய ஓபராக்களுக்குச் சில சத்தமில்லாத சலுகைகள் உண்டு. புச்சினி இறந்தது 1924இல். ‘லா போஎம்’மின் வசனத்தை எழுதிய ஜியாகோசா 1906இலும் இல்லிகா 1919இலும் காலமானார்கள். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கும் ஒருவரின் படைப்பை எடுத்தால் ஒவ்வொரு காட்சிக்கும் ராயல்டி, அதற்கு மேல் இசைத்தாள்களின் வாடகை. அப்புறம் செட். எல்லோரும் ‘லா போஎம்’ போடுவதால் அதன் செட்டுகள் பல ஊர்க் கிடங்குகளில் தயாராக இருக்கின்றன; லாரியில் ஏற்றி வாடகைக்கு அனுப்புகிறார்கள். அபூர்வமான ஓபராவுக்கு அப்படிக் கிடைக்காது, முதல் ஆணியிலிருந்து புதிதாகச் செய்ய வேண்டும். இப்படி, அதிகம் போடப்படுகிற ஓபரா அதனாலேயே மேலும் அதிகம் போடப்படுகிறது.

அடுத்தது குழி. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘எலெக்ட்ரா’வுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள் வேண்டும். பல ஊர் அரங்குகளின் குழியில் அவர்களில் பாதிப்பேரைக்கூட உட்கார வைக்க முடியாது. மோட்சார்ட், ரோஸினி என்றால் முப்பத்தைந்து நாற்பது பேரில் நேர்மையாகச் செய்துவிடலாம். புச்சினி இடைப்பட்ட ஆள். அவர் எழுதியபடி வாசிக்க நான்கு ஹார்ன், மூன்று டிராம்போன், ஹார்ப் எல்லாம் வேண்டும். இடம் இல்லாத குழுக்கள் சுருக்கிய இசையமைப்பைப் பயன்படுத்துகின்றன. சுருக்குவதில் தவறில்லை. ஆனால் தந்தி வாத்தியங்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தால் புச்சினியின் இசை மெலிந்துவிடும். அவருடைய மெட்டுகள் பலவற்றில் பாடகரோடு வயலின்களும் கூடவே பாடுகின்றன. அந்தத் துணை போய்விட்டால் பாடகர் தனியாக நின்று தவிப்பது பின்வரிசை வரைக்கும் கேட்கும்.

அதே சமயம், சிறிய அரங்கம் ஒரு குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். இந்த ஓபராக்கள் பிறந்த இடங்கள் அப்படிப்பட்டவை இல்லை. மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ 1787இல் முதலில் நடந்த பிராக் நகர எஸ்டேட்ஸ் அரங்கில் இன்றைக்கு 700 பேருக்கும் குறைவாகத்தான் உட்காரலாம். ‘லா த்ராவியாட்டா’வும் ‘ரிகோலெட்டோ’வும் பிறந்த வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கம் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கானது. பயிற்சி பெற்ற ஓபராக் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி ஒரு கூடுதல் ஒளி இருக்கும். இசைக்குழுவின் பலமான சத்தமெல்லாம் அதற்கு வெகு கீழே, 500 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால்தான் ஒற்றைக் குரல் அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கேட்கிறது. பெரிய அரங்கில் அந்த ஒளியைக் காப்பாற்றுவதற்கே பாடகர் தன் பலத்தையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆயிரம் பேர் அரங்கில் அவர் மெல்லப் பாடலாம், ஒரு சொல்லைத் தயங்கிச் சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எல்லாம் நம்மை வந்து சேரும்.

இனி குரல்கள். வட்டார மேடைகளைப் பெரிய மேடைக்குப் போக முடியாதவர்களின் இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். லூசியானோ பவரொட்டி முதன்முதலில் மேடையேறியது 1961 ஏப்ரல் 29 அன்று, இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில். பாத்திரம் ‘லா போஎம்’மின் கதாநாயகன் ரொடோல்ஃபோ. பவரொட்டி பிறந்த அதே 1935இல், அதே மொடேனா ஊரில் பிறந்த பாடகி மிரெல்லா ஃப்ரேனி 1955இல் சொந்த ஊர் மேடையில் ‘கார்மென்’னின் மிக்காயேலாவாக அறிமுகமானார். பின்னாளில் இருவரும் சேர்ந்து இசைக்குழு நடத்துநர் கராயானின் நடத்துகையில் பதிவுசெய்த ‘லா போஎம்’மைத்தான் இன்றைக்கும் பலர் முதல் பரிந்துரையாகச் சொல்கிறார்கள். மொடேனாவின் அந்த அரங்கம் இப்போது இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

தெரிந்த ஓபராக்கள் இளம் பாடகர்களுக்கு எதற்கு என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இருபத்தைந்து வயதுப் பாடகரை, மிகுந்த குரல் பலம் கேட்கும் வாக்னரின் ஓபராக்களைப் பாட வைத்தால் குரல் கெட்டுப்போகும். ரொடோல்ஃபோ, மிமி, மிக்காயேலா, ரொசீனா, பாபகேனோ போன்றவை வளரும் குரலைப் பெரும்பாலும் சிதைக்காத பாத்திரங்கள், வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாடக்கூடியவை. அதற்காக எல்லாமே எளிது என்று அர்த்தமில்லை. வயலெட்டா பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘லா த்ராவியாட்டா’வின் முதல் அங்கத்துக்கு வேகமான சங்கதிகளை வைரம்போல் சிதறவிடும் குரல் வேண்டும். இரண்டாம் அங்கத்தில் அதே பெண் நீண்ட, தாங்கிப் பிடிக்கும் மூச்சோடு தன் காதலனின் தந்தையிடம் தோற்றுப்போக வேண்டும். மூன்றாம் அங்கத்தில் உயிர் போகிறவளின் குரல். மூன்று வேறு சோப்ரானோக்கள் தேவை என்று சொல்வார்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. ஒரு குழு தன் வயலெட்டாவைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த ஓபராவை அறிவிக்க வேண்டும். தேதியை முதலில் அறிவித்துவிட்டு ஆளைத் தேடினால் என்ன ஆகும் என்பது முதல் அங்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தெரிந்த ஓபரா ஏன் கடினம் என்பதற்கு ‘லா போஎம்’மையே கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 1896 பிப்ரவரி 1 அன்று டூரின் நகரில், 28 வயது டோஸ்கனினியின் நடத்துகையில் முதலில் நடந்தது. நான்கு அங்கங்கள், இசை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. குளிரில் நடுங்கும் நாலு ஏழைக் கலைஞர்கள் (ரொடோல்ஃபோ, மார்செல்லோ, ஷோனார், கொலீன்), பக்கத்தில் குடியிருக்கும் தையல்காரப் பெண் மிமி, ஒரு காதல், காசநோய். கதை இவ்வளவுதான்.

இரண்டாம் அங்கத்தில் பாரிஸின் தெரு ஒன்று முழுசாக மேடைக்கு வந்துவிடும். சுமார் இருபது நிமிடத்துக்குள் கடைக்காரர்கள் கூவுகிறார்கள், பொம்மைக்காரன் பின்னால் குழந்தைகள் ஓடுகிறார்கள், மேசையைச் சுற்றி நண்பர்கள் வம்பளக்கிறார்கள், முசெட்டா தன் பழைய காதலனைச் சீண்ட ஒரு வால்ட்ஸ் பாடுகிறாள், கடைசியில் ஒரு ராணுவ பேண்ட் வாத்தியம் வேறு கடந்து போகிறது. கோரஸில் நிற்பவர்கள் பகலில் ஆசிரியராகவோ எழுத்தராகவோ வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். குழந்தைகள் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள். புச்சினியோ தாளத்தை ஒரே சீராக ஓட விடுவதில்லை. வரிக்கு வரி இழுக்கிறார், விடுகிறார். இசைக்குழுவும் பாடகர்களும் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்து பாடிப்பார்க்கும் ஒத்திகை பல குழுக்களில் ஒன்றே ஒன்றுதான். இசைக்குழுவின் நேரம்தான் இருப்பதிலேயே விலை கூடியது. அதற்குப் பிறகு மேடையில் சில ஒத்திகைகள், அப்புறம் நேராகக் காட்சி. ஒரு குழந்தை அரை நொடி முந்தினால் தெரு முழுக்கக் கலைந்துவிடும். இதைக் கலையாமல் நடத்திக் காட்டும் வட்டாரக் குழுவுக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

நான்காம் அங்கம் இதற்கு நேர்மாறு. மிமியைத் தூக்கி வந்து படுக்க வைக்கிறார்கள். கொலீன் தன் பழைய கோட்டை விற்கப் போகுமுன் அதற்கு விடை சொல்லிப் பாடுகிறான். மிமியும் ரொடோல்ஃபோவும் தனியாக இருக்கும்போது, முதல் சந்திப்பின் மெட்டுகள் துண்டு துண்டாகத் திரும்பி வருகின்றன. பிறகு நண்பர்கள் வந்துவிடுகிறார்கள். மிமி தூங்குகிறாள் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் முகத்தில் வெளிச்சம் படாமல் இருக்க ரொடோல்ஃபோ ஜன்னலை மறைத்துக்கொண்டிருக்கும்போது, ஷோனார் கட்டில் பக்கம் பார்க்கிறான். அவள் போய்விட்டாள் என்று மார்செல்லோவிடம் மெல்லச் சொல்கிறான். இப்போது நண்பர்களுக்குத் தெரியும், ரொடோல்ஃபோவுக்குத்தான் தெரியாது. அவன் திரும்பி, ஏன் இப்படி அங்கும் இங்கும் நடக்கிறீர்கள், ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறான். அதைப் பாடுவதில்லை, பேச்சாகவே சொல்கிறான். மரணத்தை நண்பர்களின் முகங்களில்தான் அவன் படிக்கிறான். அந்த முகங்களை நாமும் பார்க்க முடிகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தால், இந்தக் காட்சி செய்கிற வேலையை வேறு எதுவும் செய்யாது. நல்ல ஒலிப்பதிவில் பத்துத் தடவை கேட்டிருந்தாலும் இது கிடைக்காது.

இந்த ‘நிச்சய வெற்றி’ ஓபராக்களில் பல முதல் இரவில் விழுந்தவை என்பதையும் மறந்துவிடுகிறோம். ‘பார்பர் ஆஃப் செவில்’ 1816இல் ரோமில் கூச்சலுக்கு நடுவே நடந்தது. இரண்டாம் காட்சியிலேயே நிலைமை மாறியது. 1853 மார்ச்சில் ‘லா த்ராவியாட்டா’ தோற்றது, அடுத்த வருடம் அதே வெனிஸில் வேறொரு அரங்கில் திருத்தங்களோடும் வேறு பாடகர்களோடும் ஜெயித்தது. ‘மேடம் பட்டர்ஃபிளை’ 1904 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலாவில் கேலிக்கு ஆளாகி, மூன்று மாதத்தில் பிரெஷ்ஷா என்ற சிறிய நகரத்தில் திருத்திய வடிவில் உயிர்பெற்றது. பெரிய அரங்கம் கைவிட்டதைத் தூக்கி நிறுத்தியது ஒரு சிறிய நகர மேடை என்பதை வட்டாரக் குழுக்கள் தங்கள் அறிவிப்புகளில் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

‘மேடம் பட்டர்ஃபிளை’ பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் தாண்டிப்போக முடியாது. பதினைந்து வயது ஜப்பானியப் பெண்ணை மணந்து கைவிடும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் கதை அது. ஜப்பானியர்கள் அல்லாதவர்கள் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு நடித்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. 2022இல் லண்டனின் ராயல் ஓபரா தன் பழைய தயாரிப்பை ஜப்பானிய ஆலோசகர்களோடு உட்கார்ந்து, ஒப்பனை முதல் உடல் அசைவு வரை திருத்தியது. ஒரு சிறிய குழு இதை அறிவிக்கும்போது இந்தக் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று கேட்கப் பார்வையாளர்களுக்கு உரிமை உண்டு.

சரி, சலிப்பில் இருக்கும் நியாயத்துக்கு வருவோம். ஐந்தாறு பெயர்களையே சுற்றிச்சுற்றிப் போடும் குழுவின் பார்வையாளர்களுக்கு ஏழாவது பெயர் எப்போதும் அந்நியமாகவே இருக்கும். அவர்களை அப்படி ஆக்கியதும் அந்தக் குழுதான். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் திருவிழா 1951இல் தொடங்கி, யாரும் போடாத ஓபராக்களையே தேடிப்பிடித்துப் போட்டு உலகப் பெயர் வாங்கியது. ஆனால் அது சில நாள் திருவிழா, வெளியூர்களிலிருந்து ரசிகர்கள் தேடி வருவார்கள். வருடம் முழுக்க அதே ஊர்க்காரர்களை நம்பி இயங்கும் குழுவால் அந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்குச் சரியென்று படுகிற வழி சான் டியாகோவில் நடந்தது. அங்குள்ள ஓபராவை மூடப்போவதாக 2014 மார்ச்சில் அதன் நிர்வாகக் குழு அறிவித்தது. ஊர்க்காரர்களும் ஊழியர்களும் எதிர்த்து நின்றார்கள், பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், முடிவு மாறியது. 2015இல் திரும்பி வந்த குழு முதலில் போட்டது ‘லா போஎம்’. அடுத்து ‘டான் ஜியோவானி’. மூன்றாவதாக ஜான் ஆடம்ஸின் ‘நிக்சன் இன் சைனா’, 1987இல் ஹூஸ்டனில் பிறந்த நவீன ஓபரா. இழுத்து மூடும் நிலையிலிருந்து மீண்ட ஒரு குழு, தெரிந்த இரண்டின் பலத்தில் தெரியாத ஒன்றைப் போட்டது. சீசனில் ஒன்றாவது இப்படி இல்லாத பட்டியலை நான் முழுப் பட்டியலாக ஏற்கமாட்டேன்.

ஆகவே ஒரு சீசன் அறிவிப்பு வந்தால் ஓபராவின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். முக்கியப் பாத்திரங்களுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். சோப்ரானோவின் பெயர் இல்லாத ‘லா த்ராவியாட்டா’ அறிவிப்பு பாதி அறிவிப்புதான். இசை நடத்துநர் யார், முழு இசைக்குழுவா, சுருக்கிய வடிவமா என்றும் பாருங்கள். மொழி தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். 1983இல் டொரொண்டோவில் ‘எலெக்ட்ரா’வுக்கு மேடைக்கு மேலே முதன்முதலாக ஓடிய மொழிபெயர்ப்பு வரிகள் இப்போது பெரும்பாலான அரங்குகளில் உண்டு. இருந்தாலும் கதையை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டுப் போனால், கண் மேலே இல்லாமல் மேடையில் இருக்கும். முதல்முறை போகிறவர்கள் ‘மேஜிக் ஃப்ளூட்’டோ ‘லா போஎம்’மோ எடுக்கலாம், வாக்னரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பட்ஜெட் இடித்தால் மேல் பால்கனியில் டிக்கெட் வாங்குங்கள். முகங்கள் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் பல பழைய அரங்குகளில் குரலும் இசைக்குழுவும் நன்றாகக் கலந்து கேட்பது அங்கேதான்.